மெமரி கார்டு டிரைவர் தகராறு: ஆறு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையத்தை) மாற்றியதும், அல்லது புதுப் போர்டுக்கு டிவைஸ் ட்ரீ (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதி முடித்ததும், 'எம்எம்சி0: எரர் -110' என்று ஒரு வரி வருகிறது. அதற்குப் பிறகு ரூட் பார்ட்டிஷனுக்காக (இயங்குதளக் கோப்புகள் உள்ள பகுதி) காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை, பீகிள்போன் பிளாக் என எதை வைத்திருந்தாலும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் வேண்டியிருக்கும். கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: கார்டை மாற்று, சீரியல் கேபிள் போடு, டீபக் பிரிண்ட்டை இயக்கு, க்ளாக்கைக் குறை, லாஜிக் அனலைசர் மாட்டு, பைசெக்ட் (கெர்னல் மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) ஓட்டு. ஆறும் உருப்படியான வழிகள்தான். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல்தான் பலருக்கு ஒரு வாரம் போய்விடுகிறது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் இருக்கின்றன. டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தக் கட்டத்தில் உடைகிறது? மற்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான். கார்டு ஒரே மூச்சில் எழுந்து நிற்பதில்லை. முதலில் 400 கிலோஹெர்ட்ஸ் க்ளாக்கில் 'நீ யார்' என்று கேட்கும் அறிமுகக் கட்டம். பிறகு 25 அல்லது 50 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றம். யூஎச்எஸ் (அதிவேக) கார்டும் அதற்கேற்ற போர்டும் என்றால் சிக்னல் 3.3 வோல்ட்டிலிருந்து 1.8க்கு இறங்கும், எஸ்டிஆர்104 முறையில் க்ளாக் 208 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், ட்யூனிங்கும் (சிக்னலைப் படிக்கச் சரியான கணத்தைத் தேடுவது) நடக்கும். கடைசியாக, எல்லாம் சரியாகிப் பல மணி நேரம் ஓடிய பிறகு லோடில் (வேலைச் சுமையில்) விழுவது. இந்த நான்கு கட்டத்துக்கும் கருவி வேறு வேறு.

எரர் எண்ணும் பாதி வழி காட்டும். -110 என்றால் குறித்த நேரத்துக்குள் பதிலே வரவில்லை. -84 என்றால் பதில் வந்தது, ஆனால் சிஆர்சி (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை. முன்னதற்குப் பவர், பின் (சிப்பின் இணைப்புக் கால்) அமைப்பு, க்ளாக் பக்கம் தேட வேண்டும். பின்னதற்கு வேகம், சிக்னல் தரம், ட்யூனிங்.

ரூட் அதே கார்டில் இருக்கிறதா? இருந்தால் பாதிக் கருவிகள் கையை விட்டுப் போகின்றன. பை 3, பை 4இல் ரூட்டை யூஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றலாம். பீகிள்போன் பிளாக்கில் போர்டிலேயே இஎம்எம்சி (பதித்த நினைவகச் சிப்) இருக்கிறது, அதிலிருந்து பூட் செய்துகொண்டு கார்டைச் சோதனைப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளுக்கு மேல் இழுக்கும் வேலை என்று தெரிந்தால் முதல் அரை மணி நேரத்தை இதற்குச் செலவழியுங்கள்.

கருவி டைமிங்கைக் கெடுக்குமா? கருவியை மாட்டியதும் பிழை மறைந்துவிட்டால், பிழை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கிடைக்கும் பதில் எதை நிரூபிக்கிறது? க்ளாக்கைக் குறைத்தால் வேலை செய்கிறது என்பது ஒரு தகவல். அது தீர்வு அல்ல, காரணமும் அல்ல.

| வழி | செலவு | ரூட் அதே கார்டில் இருந்தால் | டைமிங் பாதிப்பு | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| கார்டு, பவர் மாற்றிப் பார்ப்பது | கையில் இருப்பது | முடியும் | இல்லை | எல்லாவற்றுக்கும் முன் |
| சீரியல் கன்சோல் | சில நூறு ரூபாய், அரை மணி | முடியும் | குறைவு | பூட் முடியாத நிலை |
| டைனமிக் டீபக் | இலவசம் | ஆபத்து | அதிகம் | அறிமுகக் கட்டம் |
| எம்எம்சி டிரேஸ் | இலவசம் | முடியும் | மிகக் குறைவு | லோடில் விழுவது |
| டிவைஸ் ட்ரீ திருத்தம் | இலவசம், ரீபூட் பல | முடியும் | அதுவே நோக்கம் | வேகம், வோல்டேஜ், கார்டு டிடெக்ட் |
| லாஜிக் அனலைசர் | கருவி, சாக்கெட் போர்டு | முடியும் | ஒயரே பாதிக்கும் | புதுப் போர்டு, கார்டின் மௌனம் |
| பைசெக்ட் | ஒன்றிரண்டு நாள் | கஷ்டம் | இல்லை | முன்பு வேலை செய்தது, இப்போது இல்லை |

## கார்டையும் பவரையும் மாற்றிப் பார்ப்பது

அலட்சியமாக நினைக்க வேண்டாம். டிரைவர் பிழை என்று வரும் பல புகார்கள் இங்கேயே முடிகின்றன. வெவ்வேறு கம்பெனியின் இரண்டு கார்டுகள் வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு சோதனை ஆகாது. கணினியில் எஃப்3 கருவியால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பார்த்தால், 64 ஜிபி என்று விற்ற 8 ஜிபி போலிகள் மாட்டிக்கொள்ளும். சிஸ் கோப்பகத்தில் எம்எம்சிபிஎல்கே0க்கு உள்ளே மேன்ஃபிட் என்ற கோப்பு தயாரிப்பாளர் எண்ணைத் தரும். மேலே சான்டிஸ்க் என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே ஹெக்ஸில் 03 இல்லை என்றால் அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள்.

பவருக்கு, ராஸ்பெரி பையில் வீசிஜென்சிஎம்டி கருவியின் கெட் த்ராட்டில்ட் கட்டளை. ஹெக்ஸில் 50005 வந்தால் இந்த நொடியே மின்னழுத்தம் குறைவு. 50000 வந்தால் பூட்டுக்குப் பிறகு எப்போதோ குறைந்து மீண்டிருக்கிறது. அடாப்டரில் 3 ஆம்பியர் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய யூஎஸ்பி கேபிளிலேயே அரை வோல்ட் போய்விடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு: வேறு கார்டு வேலை செய்தது என்பதற்காகப் பழைய கார்டுதான் கெட்டது என்று முடிவுகட்டுவது. அந்தக் கார்டு 1.8 வோல்ட்டுக்கு மாறும் வகையாகவும், மாற்றிப் போட்டது மாறாத வகையாகவும் இருக்கலாம். டிரைவரின் வோல்டேஜ் பிழை அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டு கார்டுக்கும் கெர்னல் லாக்கில் வரும் 'நியூ ஹை ஸ்பீட்' அல்லது 'நியூ அல்ட்ரா ஹை ஸ்பீட்' வரியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

## சீரியல் கன்சோல்

கார்டே படிக்காதபோது லாக்கை எங்கே எழுதி வைப்பது? அதனால்தான் இது கட்டாயம். 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர், சிபி2102 அல்லது சிஎச்340 சிப் வைத்தது, மூன்று ஜம்பர் ஒயர். ராஸ்பெரி பையில் 6ஆம் பின் கிரவுண்ட், 8 போர்டு அனுப்புவது, 10 போர்டு வாங்குவது. அனுப்புவதை வாங்குவதோடு குறுக்காக இணைக்க வேண்டும். அடாப்டரின் 5 வோல்ட் ஒயரைத் தொடவே வேண்டாம். வேகம் 115200. கான்ஃபிக் கோப்பில் எனேபிள் யூஆர்ட் 1, கெர்னல் கட்டளை வரியில் கன்சோல் சீரியல்0, கூடவே இக்னோர் லாக்லெவல். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முக்கியமான டீபக் வரிகள் கன்சோலுக்கு வராது.

பை 3இல் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே சீரியலாக வருவது மினி யூஆர்ட். அதை இயக்கியதும் கோர் க்ளாக் 250 மெகாஹெர்ட்ஸில் பூட்டப்படும். அந்த போர்டில் கார்டைப் பார்க்கும் எஸ்டிஹோஸ்ட் கன்ட்ரோலரின் க்ளாக்கும் அதே கோர் க்ளாக்கிலிருந்துதான் பிரிகிறது. ஆக, சீரியல் மாட்டியதும் கார்டு சரியாகிவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். நீங்கள் அறியாமல் ஒரு மாறியை மாற்றிவிட்டீர்கள். ப்ளூடூத்தை அணைக்கும் ஓவர்லே போட்டால் முழு யூஆர்ட் அந்தப் பின்களுக்குத் திரும்பும், க்ளாக்கின் பூட்டும் போகும்.

முதல் லாக்கில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, கெர்னல் இந்தக் கார்டிலிருந்துதானே ஏறியது? அப்படியானால் பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் சிறு நிரல்) அதே கார்டை, அதே ஒயரில் படித்திருக்கிறது. கார்டு செத்துவிட்டது, சாக்கெட் உடைந்தது என்ற சந்தேகங்கள் அங்கேயே கழிகின்றன. பூட்லோடர் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் நிதானமான வேகத்தில் படிக்கும் என்பதால், 1.8 வோல்ட் பக்கத்துக்கு மட்டும் இந்தச் சாட்சி செல்லாது.

இரண்டு, எஸ்டிஎச்சிஐ (கார்டோடு பேசும் வன்பொருளுக்கான பொதுத் தரம்) வகை கன்ட்ரோலர் என்றால் வெறும் -110 வருகிறதா, 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஹார்ட்வேர் இன்டரப்ட்' வந்து ரிஜிஸ்டர் டம்ப் கொட்டுகிறதா? இரண்டும் ஒன்றல்ல. கார்டு பதில் சொல்லாவிட்டால், 'பதில் இல்லை' என்று கன்ட்ரோலரே இன்டரப்ட் போட்டுச் சொல்லிவிடும். அந்த இன்டரப்ட்டும் 10 விநாடி வரை வரவில்லை என்றால் கோளாறு கார்டில் இல்லை, கன்ட்ரோலர் பக்கம். டிவைஸ் ட்ரீயில் இன்டரப்ட் எண் தப்பு, கன்ட்ரோலருக்கு க்ளாக் திறக்கவில்லை, பவர் டொமைன் தூங்குகிறது: இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் பட்டியலில் எம்எம்சி0 வரியின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்று, டம்ப்பின் மதிப்புகள் இயல்பாக இருந்தால் முதலாவது. டம்ப்பில் எல்லா ரிஜிஸ்டரும் ஒரே மதிப்பாக, எல்லாம் பூஜ்யம் அல்லது எல்லாம் எஃப் என்று வந்தால் மற்ற இரண்டில் ஒன்று, அல்லது முகவரியே தப்பு.

## டைனமிக் டீபக்கா, டிரேஸா

இரண்டுமே கார்டுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் காட்டும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்க முடியாது.

டைனமிக் டீபக், கெர்னல் மூலத்தில் டிரைவர்ஸ் எம்எம்சி கோப்பகத்தில் உள்ள டீபக் வரிகளை எல்லாம் திறந்துவிடும். பூட்டின்போதே வேண்டும் என்றால் கெர்னல் கட்டளை வரியில் டைன்டிபிஜி பேராமீட்டர். அறிமுகக் கட்டம் உடையும்போது இதற்கு நிகரில்லை. கெர்னல் 400, 300, 200, 100 கிலோஹெர்ட்ஸ் என்று படிப்படியாக இறங்கி முயல்வதும், எந்தக் கட்டளையில் கார்டு வாயடைத்துப் போகிறது என்பதும் வரிவரியாகத் தெரியும்.

முதன்முறை பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே கட்டளை 52க்கும் 5க்கும் -110 வரும். அது பிழையல்ல. 'நீ வைஃபை போன்ற எஸ்டிஐஓ சாதனமா' என்று கெர்னல் கேட்கிறது, மெமரி கார்டு பேசாமல் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது கட்டளை 8க்கும், 55-41 ஜோடிக்கும் என்ன ஆகிறது என்பதை.

இதன் விலை டைமிங். 115200 வேகத்தில் சீரியல் வழியாக விநாடிக்கு சுமார் 11,500 எழுத்துகள் போகும். 80 எழுத்துள்ள ஒரு டீபக் வரிக்கு ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். ஒரு கட்டளைக்கு மூன்று நான்கு வரி என்றால், மைக்ரோசெகண்டில் முடிய வேண்டிய இரண்டு கட்டளைகளுக்கு நடுவே நீங்களே இருபது மில்லிசெகண்டைச் செருகுகிறீர்கள். ரேஸ் வகைப் பிழை (இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வருவது) இதில் ஓடி ஒளிந்துகொள்ளும். இன்னொன்று இதைவிட வேடிக்கையானது: ரூட் அதே கார்டில் இருந்து, சிஸ்டம் லாக்கும் அங்கேயே எழுதப்பட்டால், கார்டில் ஒவ்வொரு முறை எழுதுவதும் டீபக் வரியை உண்டாக்கும், அந்த வரியை எழுதப் போனால் மேலும் வரிகள். தன் வாலைத் தானே தின்னும் பாம்பு. ஜர்னல் (சிஸ்டம் லாக்) சேமிப்பை வோலடைல் (ராமில் மட்டும்) என்று மாற்றிவிட்டுத்தான் இதைத் திறக்க வேண்டும்.

டிரேஸ் இப்படி அல்ல. எம்எம்சி ரிக்வெஸ்ட் ஸ்டார்ட், எம்எம்சி ரிக்வெஸ்ட் டன் என்ற இரண்டு நிகழ்வுகள் கெர்னலிலேயே இருக்கின்றன. டிரேசிங் கோப்பகத்தில் ஈவென்ட்ஸ், எம்எம்சி, எனேபிள் என்று போய் 1 எழுதினால் போதும். பதிவு ராமில் விழும், கன்சோலைத் தொடாது. தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கழித்தால் ஒவ்வொரு கட்டளையும் எவ்வளவு இழுத்தது என்று தெரியும். எஸ்டிஎச்சி கார்டு ஒருமுறை எழுதுவதை 250 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கார்டுகள் அதை மீறும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட கெர்னல் 3 விநாடி வரை பொறுக்கிறது. இரவில் ஒரு தடவை மட்டும் விழும் போர்டில், விழுவதற்கு முன் ஒவ்வொரு முறை எழுதவும் ஆன நேரம் 30, 200, 900 மில்லிசெகண்ட் என்று ஏறிக்கொண்டே போனால் டிரைவரை விட்டுவிடுங்கள், கார்டு தேய்ந்துவிட்டது. எல்லாம் சில மில்லிசெகண்டில் முடிந்துகொண்டிருந்து, திடீரென ஒரே ஒரு 'ஸ்டார்ட்'டுக்கு 'டன்' வராமல் நின்றால் டிரைவர் பக்கமே தோண்டுங்கள்.

டிரைவரையே எழுதுபவர்களுக்கு எம்எம்சி டெஸ்ட் என்ற கெர்னல் மாட்யூல் தனியாக இருக்கிறது. கார்டை வழக்கமான பிளாக் டிரைவரிலிருந்து அவிழ்த்து அதனோடு கட்டி, டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் பிழைதேடல் கோப்பகம்) டெஸ்ட் கோப்பில் 0 எழுதினால் எல்லாச் சோதனைகளும் ஓடும். கார்டில் உள்ளதெல்லாம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

## டிவைஸ் ட்ரீயில் கை வைப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பண்பை மாற்றுவீர்கள் என்றால் இது அருமையான வழி. மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டு 'வேலை செய்கிறது' என்பவருக்கு எதுவும் தெரியவராது.

*லாக்கில் பிழையே இல்லை, கார்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.* கார்டு டிடெக்ட் பின்னைச் சந்தேகியுங்கள். ஆரஞ்சு பை பிசியில் அது பிஎஃப்6, ஆக்டிவ் லோ. துருவத்தைத் தலைகீழாக எழுதினால் கார்டு உள்ளே இருக்கும்போது 'இல்லை' என்று நினைத்துக்கொண்டு டிரைவர் சும்மா இருக்கும். ப்ரோக்கன்-சிடி என்ற பண்பைப் போட்டால் பின்னைப் பார்க்காமல் கார்டை அவ்வப்போது கேட்டுப் பார்க்கும். கார்டு எழுந்துவிட்டால் காரணம் கிடைத்தது. அந்தப் பண்பை அப்படியே விடாமல் பின் வரியைத் திருத்துங்கள். விட்டால் காலி சாக்கெட்டையும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

*-84 மழை.* இதற்கு ரீபூட்கூட வேண்டாம். டீபக்எஃப்எஸ்ஸில் எம்எம்சி0 கோப்பகத்தின் ஐஓஎஸ் கோப்பைப் படித்தால் இப்போதைய க்ளாக், பஸ் அகலம், டைமிங் முறை, சிக்னல் வோல்டேஜ் நான்கும் தெரியும். பக்கத்திலேயே க்ளாக் என்ற கோப்பு. அதில் 10000000 என்று எழுதினால் ஓடும்போதே 10 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். பிழை நின்றால் மேக்ஸ்-ஃப்ரீக்வென்சியை அப்படியே நிரந்தரமாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பின் அமைப்பில் புல்-அப் இருக்கிறதா, டிரைவ் ஸ்ட்ரெங்த் போதுமா என்று முதலில் பாருங்கள்.

*கரண்ட்டைப் பிடுங்கிச் சொருகினால் பூட் ஆகிறது, ரீபூட் கொடுத்தால் தொங்குகிறது.* 1.8 வோல்ட்டுக்கு இறங்கிய கார்டு, அதன் பவரை வெட்டித் திரும்பக் கொடுத்தால்தான் 3.3க்கு வரும். ரீபூட்டில் போர்டு கார்டின் பவரை வெட்டாவிட்டால், பூட்லோடர் 3.3இல் பேசும், கார்டு 1.8இல் காது வைத்திருக்கும். நோ-1-8-வி என்ற பண்பைப் போட்டுச் சோதியுங்கள். தொங்கல் நின்றால், கார்டின் விஎம்எம்சி ரெகுலேட்டர் உண்மையில் அணைக்கக்கூடியதா, இல்லை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதா என்று சர்க்யூட்டில் பாருங்கள். அணைக்கவே முடியாத போர்டில் நோ-1-8-வி நிரந்தரமாக இருப்பதே நியாயம்; வேகம் 50 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும், அவ்வளவுதான்.

டிவைஸ் ட்ரீயைத் தொட மனமில்லாதவர்கள் எஸ்டிஎச்சிஐ மாட்யூலுக்கு டீபக் க்விர்க்ஸ்2 என்ற பேராமீட்டரில் 4 கொடுத்து 1.8 வோல்ட்டைத் தடுப்பார்கள். வேலை செய்யும். ஆனால் அது இருக்கிற க்விர்க்குகளோடு (கன்ட்ரோலரின் குறைகளைச் சமாளிக்கும் குறிகள்) சேர்வதில்லை, அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. உங்கள் கன்ட்ரோலருக்கு டிரைவர் ஆசிரியர் போட்டு வைத்த மற்ற திருத்தங்கள் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும், நீங்கள் புதுப் பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

பை 5இல் ஏ2 என்று அச்சிட்ட கார்டு மட்டும் தகராறு செய்தால், எதற்கும் முன் எஸ்டி சிக்யூஇ பேராமீட்டரை 0 ஆக்கி கமாண்ட் க்யூவை அணைத்துப் பாருங்கள்.

## லாஜிக் அனலைசர்

சொந்தமாக போர்டு வடிவமைத்தவருக்கு இது தவிர்க்க முடியாதது. கடையில் வாங்கிய போர்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

24 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்கும் மலிவான எட்டு சானல் கருவிக்கு, கார்டின் க்ளாக், கமாண்ட், நான்கு டேட்டா ஆக ஆறு கோடுகள் அடங்கும். 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 60 சாம்பிள், தாராளம். 50 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் தேறாது. பல்ஸ்வியூ மென்பொருளில் எஸ்டி முறைக்கான டிகோடர் இருக்கிறது. கமாண்ட் கோட்டில், முன்பு சொன்ன கட்டளை 52ஐத் தாண்டியதும், 40 00 00 00 00 95 வர வேண்டும்; அது கட்டளை 0, அதற்குப் பதில் கிடையாது. அடுத்து 48 00 00 01 ஏஏ 87, அதாவது கட்டளை 8. இதற்குக் கார்டு அதே 01 ஏஏவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டளை சரியாகப் போகிறது, பதில் இல்லை என்றால் கார்டுக்கு 3.3 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். முதல் கட்டளைக்கு முன் குறைந்தது 74 க்ளாக் துடிப்பு போயிருக்கிறதா என்றும் எண்ணுங்கள். கட்டளையே கோட்டில் வராவிட்டால் பின் மக்ஸிங் (எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்ற ஒதுக்கீடு) தப்பு.

மறைச் செலவுகள் இரண்டு. சாக்கெட்டிலிருந்து இழுக்கும் பத்து சென்டிமீட்டர் ஒயரே வேகமான சிக்னலைக் கெடுக்கும், இல்லாத -84ஐ நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். மலிவான கருவிகள் 3.3 வோல்ட் லாஜிக்குக்கு ஆனவை என்பதால், 1.8 வோல்ட் சிக்னலின் உயர்நிலையைத் தாழ்நிலை என்று படிக்கக்கூடும். அறிமுகக் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பைசெக்ட்

பழைய கெர்னலில் ஓடியது, புதியதில் ஓடவில்லை, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஓடவில்லை. இந்த மூன்றும் பொருந்தினால் மேலே சொன்னதையெல்லாம் தாண்டி நேரே இங்கே வரலாம். 16,000 கமிட் (கெர்னலில் பதிவான மாற்றம்) என்றாலும் 14 சுற்றில் முடியும். போர்டிலேயே கம்பைல் செய்ய உட்காராதீர்கள்; கணினியில் க்ராஸ் கம்பைல் செய்து, கெர்னலையும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் சேர்த்தே நெட்வொர்க் வழியாக ஏற்றுங்கள். கெர்னலை மட்டும் மாற்றிப் பழைய டிவைஸ் ட்ரீயோடு ஓட்டுவது பலர் செய்யும் தவறு.

பத்துக்கு ஒரு தடவைதான் விழும் பிழை என்றால் கணக்கு மாறும். ஒரு சுற்றில் பத்து ரீபூட் விழாமல் போனாலும், அது தற்செயலாக இருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. ஒரு கமிட்டை நல்லது என்று குறிக்க முப்பது ரீபூட்டாவது வேண்டும், பதினான்கு சுற்றுக்கும் சேர்த்து 400க்கும் மேல். ஸ்கிரிப்ட்டும் ஒரு யூஎஸ்பி ரிலேயும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம், டிரேஸே மேல்.

சுற்றுகளைக் குறைக்க டிரைவர்ஸ் எம்எம்சி கோப்பகத்துக்குள் மட்டும் பைசெக்ட் ஓட்டலாம், ஏழெட்டுச் சுற்றில் பதில் வந்துவிடும். அப்படி வந்த கமிட்டைத் திருப்பியும் பிழை போகாவிட்டால், குற்றவாளி அந்தக் கோப்பகத்திலேயே இல்லை. க்ளாக், ரெகுலேட்டர், பின் கன்ட்ரோல், டிவைஸ் ட்ரீ ஆகிய நான்கு கோப்பகங்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள்.